களமருதூராளின் நினைவு நாள்

“இன்னா மேடம், தெனம் ஒருத்தர் பொறந்துகினே இருக்கறாரு? பொம்பள ஒருத்தியும் பொறக்கலியா?”

காலை எட்டரை மணி இருக்கும். கச்சிராயபாளையம் கிளை நூலகத்தின் வாசல் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் அன்றைய வாசகத்தை எழுதி முடித்துவிட்டு, விரல்களில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை ஊதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் கேள்வி.

திரும்பினேன். கரும்புக் கொல்லைக்குக் களை வெட்டப் போகும் பெண்கள். பத்துப் பேர் இருப்பார்கள். எல்லோரும் புடவைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டியிருந்தார்கள். கரும்புத் தோகை கையை அறுக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி. ஒரு கையில் களைக்கொத்து, மறு கையில் தூக்குவாளி.

கேட்டவள் முன்னால் நின்றிருந்தாள். முப்பதைக் கடந்த வயது. ஒல்லியான உடம்பு. ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு, மற்றதைத் தளர்த்தி வைத்து நின்றாள். அவள் பெயர் அஞ்சலை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“நீங்க படிப்பீங்களா?” என்று கேட்டேன்.

“எழுத்துக் கூட்டுவேன். சாயங்கால வகுப்புல கத்துக்கினேன். பஸ்சு போர்டு, ரேஷன் கடை போர்டு எல்லாம் படிச்சிட்டேன். இப்ப ஒங்க போர்டுதான் பாக்கி.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பதில் வேண்டும் என்பதுபோல் என்னையே பார்த்தாள்.

“இருக்காங்க. அவங்க நாள் வரும்போது எழுதறேன்” என்றேன்.

“வரட்டும், வரட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவர்கள் போனதும் உள்ளே வந்து என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஆண்களாகவே பிறந்திருந்தார்கள். பெண்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

சுற்றறிக்கை நாட்கள்

அந்தப் பட்டியல் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கடலூர்ப் பக்கத்துக்காரி. நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பு முடித்து, வேலை கிடைத்து, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருந்த இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது, நூலகத்தில் வாசகர்கள் என்று சொன்னால் நாளிதழ் படிக்க வருகிற ஏழெட்டுப் பேர்தான். அவர்களும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அலமாரிப் புத்தகங்கள் தங்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன.

அப்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆண்டு முழுவதும் வரும் முக்கிய தினங்களைப் பயன்படுத்தி நூலகத்தின் பக்கம் மக்களை ஈர்க்க வேண்டும், உறுப்பினர்களைக் கூட்ட வேண்டும். கூடவே தினங்களின் பட்டியல்.

எனக்கு அப்போது புது வேகம். ஒன்றையும் விடவில்லை. சுதந்திர தினத்தன்று மிட்டாய் கொடுத்தேன். பிள்ளைகள் மிட்டாயை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மிட்டாயையும் வாங்க ஓடிவிட்டார்கள். ஆசிரியர் தினத்துக்கு ஆசிரியர்களையே அழைத்தேன். அவர்களுக்கு அன்று பள்ளியில் விழா.

நவம்பர் மாதத்து நூலக வார விழாவுக்கு வாசல் முழுக்கக் கலர்க் காகிதக் கொடிகளை நானே வெட்டிக் கட்டினேன். பேச வந்தவர் பேசிக்கொண்டே இருந்தார். கேட்க நான்கு பேர் இருந்தோம். திரும்பிப் பார்த்தால் ஒரு வெள்ளாடு இரண்டு கால்களில் எழுந்து நின்று கொடிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. அதை யாரும் விரட்டவில்லை. பேச்சைவிட அதுதான் சுவாரசியமாக இருந்தது.

கரும்பலகையும் அந்த வேகத்தில் வாங்கியதுதான். ‘இன்று இன்னார் பிறந்த நாள். இன்று இன்னார் நினைவு நாள். அவரைப் பற்றிய நூல்கள் உள்ளே உள்ளன’ என்று தினமும் எழுதுவேன். அஞ்சலை நின்று அதைப் படிக்கும் வரை, யாராவது படிக்கிறார்களா என்பதே எனக்குத் தெரியாது.

வாத்தியார் போட்ட தேதி

மறுநாள் காலை அவர்களுக்காகக் காத்திருந்தேன்.

“உங்க பிறந்த நாள் சொல்லுங்க. பலகையில எழுதறேன்” என்றேன் அஞ்சலையிடம்.

“எனக்கு ஏது மேடம் நாளு?”

“சரி, வேற யாருக்குத் தெரியும்?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் இல்லை. சரோஜா என்கிற நடுவயதுப் பெண் மட்டும், “எங்க ஊட்டுக்காரருக்கு இருக்குது. ஜூன் மாசம் ஒண்ணாந் தேதி” என்றாள்.

“யாரு சொன்னது?”

“வாத்தியாரு போட்டது. அவரு தம்பிக்கும் அதே தேதிதான். தங்கச்சிக்கும் அதான்.”

சிரித்து முடிக்க நேரமானது. அன்று உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் திறக்கும் நாளில்தான் பிறந்திருந்தார்கள்.

அன்று மாலை பலகையைத் துடைத்துவிட்டு எழுதினேன்: ‘உங்கள் பிறந்த நாள் தெரியாதா? வாருங்கள். சேர்ந்து தேடுவோம்.’

விளம்பரத்துக்காகத்தான் எழுதினேன். நான்கு பேர் உள்ளே வந்தால் நல்லது என்பதற்கு மேல் எனக்கு எண்ணம் எதுவும் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

பத்துப் பெண்களும் ஒரு பஞ்சாங்கமும்

இரண்டு நாள் கழித்து, மாலை ஐந்து மணிக்கு மேல், வேலை முடிந்து திரும்பும் வழியில் அவர்கள் வந்தார்கள். வெளிக் குழாயில் கைகால் கழுவி, களைக்கொத்துகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாசலிலேயே தயங்கி நின்றார்கள். அந்த வழியாகத் தினமும் இரண்டு முறை போகிறவர்கள். உள்ளே வந்தது அன்றுதான் முதல் தடவை.

நாற்காலிகளைக் காட்டினேன். யாரும் உட்காரவில்லை. சிமெண்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நானும் நோட்டும் பேனாவுமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

“மொதல்ல அஞ்சலைக்குப் பாருங்க. அவதான் கேட்டா” என்றாள் சரோஜா.

அந்தக் கூட்டத்தில் மூத்தவள் கண்ணம்மா. அறுபது வயதைத் தொட்டிருப்பாள். அதிகம் பேசாதவள். அவள்தான் ஆரம்பித்தாள்.

“அஞ்சலை பொறந்தப்ப அவ அம்மாவும் நாங்களும் அணைக்கி மண்ணு சொமந்துகினு இருந்தோம்.”

கோமுகி அணையைத்தான் சொன்னாள். அந்த வேலை சில வருடம் நடந்தது. எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“நான் பெரிய மனுஷி ஆன வருஷம்” என்றாள் சரோஜா. “எனக்குத் தண்ணி ஊத்துனப்ப களமருதூரா வந்தா. நெற வயித்த தள்ளிக்கினு வந்தா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.”

களமருதூரா என்பது அஞ்சலையின் அம்மா. களமருதூரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்தப் பக்கம் மருமகள்களை அவர்கள் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

“நீ எப்ப ஆன?”

“அது எனக்கு இன்னா தெரியும்? எங்க கறுப்பு மாடு செத்த வருஷம்.”

மறுபடி சிரிப்பு. ஆனால் சிரித்துக்கொண்டே அவர்கள் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினார்கள். கறுப்பு மாடு செத்தது பெருமழைக்கு முன்னாலா, பின்னாலா? பெருமழையில் இடிந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம் நின்றது? அந்தப் பெண்ணுக்குப் பிறகு எந்த மாதம் நடந்தது? அப்போது கொல்லையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கினார்களா, கரும்பு வைத்திருந்தார்களா? ஒருத்தி தவறாகச் சொன்னால் மூன்று பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஒருத்தியை இன்னொருத்தி திருத்தினாள். அரை மணி நேரத்தில் மூன்றே மூன்று வருடங்களுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

“மாசம்?” என்று கேட்டேன்.

கண்ணம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“கார்த்திகை. தீபம் முடிஞ்சி மூணாம் நாளு. படியில வெச்ச அகலு அப்பிடியே இருந்துச்சி. வெளக்கு ஏத்தப் போறோம், சேதி வருது. அன்னிக்கி எங்க தெருவுல யாரும் வெளக்கு ஏத்தல.”

பிள்ளை பிறந்த சேதிக்கு ஏன் விளக்கு ஏற்றவில்லை என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

“அன்னிக்கி சந்தை” என்றாள் மூலையில் இருந்த ஒருத்தி. “எங்கம்மா சந்தைக்குப் போனவ பாதி வழியில திரும்பி வந்துட்டா. அப்பல்லாம் இங்க சந்தை புதன்கெழமதான்.”

எழுந்து போய் அலமாரியிலிருந்து நூறாண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தேன். கல்யாணப் பொருத்தம் பார்க்கிறவர்கள் புரட்டிப் புரட்டி அட்டை பிய்ந்த புத்தகம். அவர்கள் சொன்ன முதல் வருடத்தைப் பிரித்தேன். கார்த்திகை தீபத்துக்கு மூன்றாம் நாள், சனிக்கிழமை. பக்கத்தைத் தள்ளினேன். மூன்றாவது வருடம், செவ்வாய்க்கிழமை.

நடுவில் இருந்த வருடத்துக்கு வந்தேன். விரலை வைத்துக் கட்டம் கட்டமாக நகர்த்தினேன்.

புதன்கிழமை.

மறுபடி பார்த்தேன். புதன்கிழமைதான்.

அவர்களில் பலருக்குத் தங்கள் பெயரை முழுதாக எழுத வராது. ஒரு காகிதம் கிடையாது, ஒரு குறிப்பு கிடையாது. ஒரு மாட்டின் சாவையும் ஒரு மழையையும் ஏற்றாத ஒரு விளக்கையும் வைத்துக்கொண்டு, முப்பது வருடத்துக்கு அப்பால் கிடந்த ஒரே ஒரு நாளைப் போய்த் தொட்டுவிட்டார்கள். அலமாரிகளில் இருந்த அத்தனை புத்தகங்களுக்கும் எண் போட்டு அடுக்கத் தெரிந்தவள் நான். அன்று அந்தப் பெண்களுக்கு நடுவில் பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொன்னேன். டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தார்கள்.

அஞ்சலை மெதுவாகச் சொன்னாள்.

“அப்ப எங்கம்மா செத்த நாளும் அதான்.”

வராத நாட்கள்

மறுநாள் காலை அவர்கள் போனபோது அஞ்சலை அந்தக் கூட்டத்தில் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

கண்ணம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“வேற கொல்லைக்குப் போறா. இந்தப் பக்கம் வர மாட்டேங்கறா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தாயத் தின்னவன்னு சின்ன வயசுலேருந்து சொல்லிட்டாங்க மேடம். அவ அத்தைதான் வளத்தா. அந்த அத்தையே சொல்லுவா. கல்யாண வூடுன்னா இவளா ஓரமா போயி நின்னுக்குவா. ஆனா இன்ன நாளுன்னு யாரும் சொன்னதில்ல. நாங்களும் சொல்லல” என்றாள்.

உறுப்பினர் எண்ணிக்கைக்காக ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். ஒருத்தியின் வாழ்க்கையில் மூடி வைத்திருந்த நாளைத் தோண்டி எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். பலகையில் பிறந்த நாட்கள் எழுதவே கை வரவில்லை. ஒரு வாரம் புதிதாக வந்த புத்தகங்களின் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மாலையில் அஞ்சலை தனியாக வந்தாள். அன்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மேடம், பெரியவங்களுக்கெல்லாம் நெனவு நாளுன்னு எழுதறீங்களே, எங்கம்மாவுக்கு எழுதுவீங்களா?”

“கண்டிப்பா எழுதறேன்.”

“எங்கப்பா வேற கல்யாணம் கட்டிக்கினாரு. ஒரு வருஷம்கூட அவளுக்கு யாரும் வெளக்கு வெக்கல. நான் பொறந்த நாளுன்னு எழுத வேணாம். அவ நெனவு நாளுன்னு எழுதுங்க.”

நோட்டைத் திறந்தேன். “அம்மா பேரு?”

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

“களமருதூரா” என்றாள். சற்றுக் கழித்து, “அப்பிடித்தான் சொல்லுவாங்க” என்றாள்.

நாளைக் கண்டுபிடித்துவிட்டோம். அந்த நாளுக்கு உரியவளின் பெயர் எங்களிடம் இல்லை.

கண்ணம்மாவுக்குத் தெரியவில்லை. சரோஜாவுக்குத் தெரியவில்லை. அஞ்சலையின் அப்பா இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. வளர்த்த அத்தையும் இல்லை. ரேஷன் கார்டு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவளுக்கு எந்தக் காகிதத்தில் பெயர் இருக்கும்?

அஞ்சலை ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் களமருதூருக்குப் போய்விட்டு வந்தாள். நிலம் இல்லாத குடும்பம். பிழைப்புத் தேடி எப்போதோ ஊரைவிட்டே போய்விட்டிருந்தது. அங்கே ஒரு பெரியவர் மட்டும், “ரெண்டு பொண்ணுங்க. பெரியவ, சின்னவன்னுதான் கூப்புடுவாங்க. பேரு தெரியல. சின்னவ மலை மேல பள்ளிக்கூட விடுதியில சோறாக்கறான்னு யாரோ சொன்னாங்க” என்றாராம்.

மலை மேல்

நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை காலை இருவரும் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினோம்.

பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்தபடியே களை வெட்டியவள் அஞ்சலை. மேலே ஏறியதில்லை. “அங்க எனக்கு இன்னா வேலை?” என்றாள். முதல் வளைவிலேயே முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வளைவில் பிடியை விட்டுவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

கீழே அணை தெரிந்தது. காலை வெயிலில் தண்ணீர் முழுதும் ஒரே தகடாக மின்னியது. அதற்கு அப்பால் கரும்பும் நெல்லுமாகப் பச்சை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை.

“அவ்ளோ தண்ணியா?” என்றாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் மறைந்து மறுபடி தெரியும்போதெல்லாம் எழுந்து நின்று பார்த்தாள். “இதுக்குத்தான் அவ மண்ணு சொமந்தாளா? வயித்துல நானு, தலையில மண்ணா?”

எனக்கும் அந்தக் கரை அதற்கு முன் வெறும் கரையாகத்தான் இருந்தது.

விடுதியைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. பள்ளிக்குப் பின்னால் தகரக் கொட்டகை, புகை, பெரிய அண்டா. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் முழங்கை வரை நனைந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெயர் பட்டம்மா.

“யாரு நீங்க?”

“கச்சிராயபாளையத்துலேருந்து வர்றோம். நான் களமருதூரா மவ” என்றாள் அஞ்சலை.

பட்டம்மாவின் கை அரிசியிலேயே நின்றுவிட்டது. அவள் அஞ்சலையின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

“ஒத்தக் கால்ல நிக்கற” என்றாள். “அவளும் இப்பிடித்தான் நிப்பா. எங்கப்பன் திட்டிக்கினே இருப்பான், கொக்கு மாதிரி நிக்காதன்னு.”

அஞ்சலை குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், முப்பது வருடமாக, பார்த்தே அறியாத ஒருத்தியைப்போல நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

பட்டம்மாவின் குரல் திடீரென்று சூடானது. “இத்தினி வருஷமா எங்க போன? ஒன்ன பாக்கணும்னு நான் ரெண்டு தடவ வந்தேன். ஒங்க அத்தை உள்ள விடல. ஒங்க அக்கா போயிட்டா, இங்க ஒனக்கு இன்னா வேலைன்னு கேட்டா. இப்ப இன்னாத்துக்கு வந்த?”

“அவ பேரு கேக்க வந்தேன், சின்னம்மா.”

“பேரா?”

“எங்க ஊர்ல யாருக்கும் தெரியல.”

பட்டம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்பது தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது. அஞ்சலை பக்கத்தில் போய் உட்கார்ந்து, அண்டாவுக்குள் கையை விட்டு மீதி அரிசியைக் களைந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் செய்தது அது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீரை வடித்தார்கள்.

“பூங்காவனம்” என்றாள் பட்டம்மா. “நான் அக்கான்னுதான் கூப்புடுவேன். எங்கப்பன் ஒருத்தன்தான் பேரு சொல்லிக் கூப்புடுவான். வரப்பு மேல நின்னுக்கினு கூப்புட்டான்னா அடுத்த கொல்லைக்குக் கேக்கும்.”

“எப்பிடிக் கூப்புடுவாரு?”

பட்டம்மா எழுந்தாள். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வந்தாள். எதிரே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் இன்னொரு மலை. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

“பூங்காவனோ… ஓவ்!”

அந்தக் குரல் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர் மலையில் ஏறி, எங்கோ போய் முடிந்தது. விளையாடிக்கொண்டிருந்த விடுதிப் பிள்ளைகள் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்கள். களமருதூரின் ஒரு வரப்பில் ஒரு தகப்பன் தன் மகளைக் கூப்பிட்ட குரல் அது. அவனும் இல்லை, அவளும் இல்லை. குரல் மட்டும் மலை மேல் ஒரு சமையல்காரியின் தொண்டையில் பத்திரமாக இருந்திருக்கிறது.

அஞ்சலை கைகளைக் குவித்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது.

அந்த நாள்

நாள் நெருங்கியபோது ஒரு சிறு வாக்குவாதம் வந்தது. தீபம் முடிந்து மூன்றாம் நாள்தான் எழுத வேண்டும், திதிதான் கணக்கு என்றாள் கண்ணம்மா.

“பெரியவங்களுக்கெல்லாம் இங்கிலீசு தேதியிலதான எழுதறாங்க? எங்கம்மாவுக்கும் அப்பிடியே எழுதட்டும்” என்றாள் அஞ்சலை. அதுவே முடிவானது.

நான் அவளிடம் ஒன்று கேட்டேன். “உங்க பிறந்த நாளையும் சேர்த்து எழுதட்டுமா? அவங்க உங்களைப் பெத்த நாளும் அதுதானே?”

மறுநாள் காலை போகிற போக்கில், “எழுதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அன்று ஏழரை மணிக்கே நூலகத்துக்கு வந்துவிட்டேன். பலகையை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, கோடு போட்டு எழுதினேன்.

‘இன்று களமருதூர் பூங்காவனம் அவர்களின் நினைவு நாள். கோமுகி அணைக்கு மண் சுமந்தவர். இன்று அவர் மகள் அஞ்சலையின் பிறந்த நாள்.’

முதலில் வந்தவர் நடேசன். அஞ்சலையைவிட நாலைந்து வயது மூத்தவர். நிலபுலம் உள்ளவர், தினமும் பேப்பர் படிக்க வருகிறவர். பலகையை இரண்டு தடவை படித்தார்.

“இன்னா மேடம் இது? தலைவருங்க பேரு எழுதற போர்டு. இதுல கூலிக்காரி பேரா? மேல எழுதிப் போட்டா ஒங்க வேலைக்கி ஆபத்துங்க.”

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பதில் தேடுவதற்குள் அந்தப் பெண்கள் வந்துவிட்டார்கள். அன்று யாரும் சட்டை போட்டிருக்கவில்லை. துவைத்த புடவை கட்டி, தலை வாரி வந்திருந்தார்கள். மலையிலிருந்து முதல் பேருந்தில் பட்டம்மாவும் வந்திருந்தாள்.

நடேசன் சொன்னது கண்ணம்மாவின் காதில் விழுந்திருந்தது.

“நடேசு, ஒங்க களத்துல நெல்லு தூத்துனவ இவ” என்றாள். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. “ஒங்கம்மா வேலையா இருந்தா ஒன்ன இடுப்புல வெச்சிக்கினு நின்னவ. நீ எறங்க மாட்ட. அழுவ.”

நடேசன் பலகையை மறுபடி பார்த்தார். உள்ளே போய், பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பக்கம் திருப்பவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே வந்து, தன் அம்மா இறந்த தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். “முடிஞ்சா எழுதுங்க மேடம்” என்றார்.

வாசலில் அஞ்சலை பலகைக்கு முன்னால் நின்றாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘இன்று’ சொல்லவே நேரமாயிற்று. ‘களமருதூர்’ வந்தது. அதற்கு அடுத்த சொல்லை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் சொன்னாள்.

பட்டம்மா ஒரு அகல் விளக்கு கொண்டுவந்திருந்தாள். நூலகத்தில் நெருப்பு கூடாது என்பது விதி. படிக்கு வெளியே, பலகைக்குக் கீழே வைத்து ஏற்றினார்கள். கண்ணம்மா கையால் காற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வழியாகப் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டுப் போனார்கள். டவுன் பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார்.

அன்றைக்குக் களை வெட்டப் போகவில்லை அவர்கள்.

ஒரு படிவம்

மதியத்துக்கு முன் அஞ்சலை என் மேசைக்கு வந்தாள். உறுப்பினராகச் சேர வேண்டும் என்றாள்.

படிவத்தைக் கொடுத்தேன். “நான் எழுதட்டுமா?” என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பேனாவை வாங்கிக்கொண்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். பெயர் எழுதப் பத்து நிமிடம் ஆனது. பிறந்த தேதியை எழுதும்போது ஒவ்வொரு எண்ணையும் என்னிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த வரியில் ‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்று அச்சிட்டிருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து அழுத்தி அழுத்தி எழுதினாள். பூங்காவனம்.

நான் வாங்கிப் பதிவேட்டில் அப்படியே ஏற்றினேன்.

சில மாதங்கள் கழித்து ஆய்வுக்கு அதிகாரி வந்தார். உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டியவர், புதிய பெயர்கள் வரிசையாக வருவதைப் பார்த்து, “பெண்கள் நிறையச் சேர்ந்திருக்கிறார்களே” என்றார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். அஞ்சலையின் வரியில் விரல் ஒரு கணம் நின்றது.

அஞ்சலை, தந்தை பெயர் பூங்காவனம்.

எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. அவர் பச்சை மையில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.